போட்டோவில் வராத பக்கம்

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த முதல் காருக்கு இடது பக்கம் மட்டும்தான் இருந்தது. வலது பக்கமும் இருந்தது என்று வாதாடலாம்; அத்தை அப்படித்தான் வாதாடினாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. காரை வாங்கியது அப்பாவின் தங்கையான இந்த அத்தைதான். வாங்கும்வரை அவள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. வடக்குப்பட்டில் கடைசித் தெருவின் கடைசி வீடு எங்களுடையது. அதற்கப்புறம் ஒரு கம்பெனியின் மதில் சுவர். அப்பாவுக்கு வேறொரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டி வேலை. உள்ளே போகும் லாரியையும் வெளியே வரும் லாரியையும் நிறுத்திச் சோதிக்க வேண்டும். எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டார் என்று அங்கே அவருக்கு நல்ல பெயர்.

அத்தையை வாலாஜாபாத் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்திருப்பாள். ஒரு நாள் காலையில் ஒரே ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இனிமேல் அங்கே போகப்போவதில்லை என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பிடிக்கவில்லை என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. தெருவில் கேட்டவர்களிடம், உடம்பு சரியில்லை, ஓய்வுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா சொல்லி வைத்தாள்.

ஓய்வுக்கு வந்தவளுக்கு உட்காரத் தெரியவில்லை. நின்றுகொண்டே சாப்பிடுவாள். நடந்துகொண்டே துணி மடிப்பாள். வீட்டில் எந்தக் கதவு சாத்தியிருந்தாலும் போகிற போக்கில் திறந்துவிட்டுப் போவாள். நாய் வருகிறது என்று அம்மா திரும்பச் சாத்துவாள். வந்த மாதமே ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். லீவு நாளில் வல்லக்கோட்டைக்கு நடந்தே போய்த் திரும்புவாள். பக்தி என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஒரு முறை என்னையும் அழைத்துப் போனாள். கோயில் வாசல் வரைக்கும் போய், கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, உள்ளே நுழையாமலே திரும்பிவிட்டோம். முருகனைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அதான் நடந்தாச்சே என்றாள்.

அவள் வேலை செய்த கம்பெனியில் கார்களுக்கு வேண்டிய ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்துப் பின்னுவார்கள். ஷிப்ட் முழுக்க ஒரு பலகைக்கு முன்னால் நின்று, சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக ஒயர்களை ஆணிகளுக்கு நடுவே ஓட்டி டேப் சுற்ற வேண்டும். நின்றே செய்கிற வேலை என்பதால் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கட்டு காரின் எந்த மூலைக்குப் போகிறது, எதைப் பற்றவைக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. லைனில் யாருக்கும் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் வரும்போது எதிரே போகிற கார்களையெல்லாம் பார்த்து, அதற்குள் என் கை ஓட்டின ஒயர் இருக்கும் என்று என்னிடம் பெருமை பேசுவாள். ஆனால் அவள் காரில் உட்கார்ந்தது கல்யாணத்தன்று மட்டும்தான்.

அப்படித்தான் பழைய கார் வாங்கும் எண்ணம் வந்தது என்று நான் நம்பினேன். ஓடாத காரை வாங்கிப் பிரித்து, பழுது பார்த்து, ஓட வைப்பது. போனில் அதற்கென்றே படங்கள் வந்துகொண்டிருந்தன. கோழிக்கூண்டாகிப் போன கார்கள், மரத்தடியில் சக்கரம் புதைந்து நிற்கிற கார்கள். மற்ற பெண்கள் சேலை டிசைன் பார்க்கிற மாதிரி இதை அவள் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள்.

கடைசியில் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் ஒரு நீலக் காரின் படங்களை அனுப்பினார். வேப்பமரத்து நிழலில் நின்றது. எங்கள் இருவருக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. முன் ஜன்னலின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி தனியே திறந்திருந்தது. அதற்காகவே வாங்கலாம் என்று நான் சொன்னேன். படங்கள் எல்லாமே ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. அது அப்போது எங்கள் கண்ணில் படவில்லை.

அந்த மனிதரின் பேச்சு தேனாக இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் என்ஜின் எடுத்துக்கொள்ளும் என்றார். தன் மகளுக்குக் கொடுக்கிற மாதிரிக் கொடுப்பதாகச் சொன்னார். அத்தை நேரில் வந்து பார்க்க ஆசைப்பட்டாள். ஆனால் அந்த மாதம் கம்பெனியில் ஆர்டர் மேல் ஆர்டர். லீவு கேட்ட பெண்களை சூப்பர்வைசர் ஓ.டி. என்று கூடுதல் நேர வேலைக்கு நிறுத்திக்கொண்டிருந்தார். அதற்குள் கரூர்க்காரர், நாளைக்கு வேறொருத்தர் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். அத்தை அன்று மதியமே தன் ஓ.டி. பணம் முழுவதையும் போனிலேயே அனுப்பினாள்.

விஷயம் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வாரம் நான் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது. வகுப்பில் உட்கார முடியவில்லை. ரோட்டில் எந்த லாரி ஹார்ன் அடித்தாலும் எழுந்து ஜன்னலைப் பார்த்தேன். எங்கள் ஊரில் லாரி ஹார்ன் அடிக்காத நேரம் ஏது? டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். அங்கிருந்து ரோடு இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்த லாரி ஒன்றில், கயிறு போட்டுக் கட்டி ஏற்றியிருந்தார்கள். தெருமுனையில் லாரி திரும்பியபோது நீலநிற இடது பக்கம் வெயிலில் பளபளத்தது. முக்கோணக் கண்ணாடியும் இருந்தது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். தெருவே வெளியே வந்துவிட்டது. கல்யாணத்துக்குக் கூட அத்தை இவ்வளவு சிரித்ததில்லை என்று பக்கத்து வீட்டம்மா அம்மாவிடம் சொன்னாள். அம்மாவுக்கு எதற்குச் சிரிக்கிறாள் என்றே புரியவில்லை.

மண்மேட்டில் லாரியைச் சாய்வாக நிறுத்திப் பலகை போட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க கிளீனர் காருக்குள் ஏறினார். ஏறியவர் அலறினார். அவருடைய வலது கால் காரின் தரையைத் துளைத்துக்கொண்டு பலகைக்குக் கீழே தொங்கியது. அவரை வெளியே இழுத்து, காரைத் தள்ளி இறக்கி, வாசலுக்குத் திருப்பினார்கள். அப்போதுதான் வலது பக்கத்தைப் பார்த்தோம்.

முன் கதவு வெள்ளை நிறம். வேறேதோ காரின் கதவு. பூட்டோ கொக்கியோ இல்லாமல் கயிற்றால் கட்டியிருந்தது. பின் கதவு கதவே இல்லை, தகரம். அதன் கீழே ஓரம் முழுக்கத் துருவை மறைக்கப் பட்டி மாவு அப்பி, மேலே நீலம் அடித்திருந்தார்கள். வழியில் மழை பட்டிருக்க வேண்டும். பட்டி ஊறிக் கொழுக்கட்டை மாவு மாதிரித் தொங்கியது. பின் சீட்டைத் தூக்கினால் உள்ளே வைக்கோல். என்ஜின் இருந்தது. இருந்தது என்பதோடு சரி.

அத்தை ஒரு துணியை எடுத்து இடது பக்கக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அப்பா ஷிப்ட் முடிந்து யூனிபாரத்தோடு வந்தார். பழக்க தோஷம், லாரியைச் சோதிக்கிற மாதிரி காரை முழுக்கச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு யாருடையது என்று கேட்டார். அம்மா கையைக் காட்டினாள். அத்தையின் போனை வாங்கி அவரே கரூருக்குப் பேசினார். ஸ்பீக்கரில் போட்டதால் தெருவுக்கே கேட்டது. கரூர்க்காரர் போனை அணைத்து வைத்திருப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். அவரோ உடனே எடுத்து, வண்டி பத்திரமாக வந்து சேர்ந்ததா என்று அன்பாக விசாரித்தார். அப்பா வலது பக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

"வலது பக்கம் நல்லா இருக்குதுன்னு நான் எப்பங்க சொன்னேன்? நீங்க கேக்கவே இல்லீங்களே," என்றார் அவர்.

நான் எடுத்துக் கொடுக்க, அப்பா, ஒரு தள்ளு தள்ளினால் ஓடும் என்றீர்களே என்றார். தள்ளிப் பாருங்கள், தள்ளுகிறவரைக்கும் ஓடும் என்று சொல்லிவிட்டு, குழந்தைகள் நலம்தானே என்றும் கேட்டுவிட்டுக் கரூர்க்காரர் போனை வைத்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதில்தான் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. நாளைக்கே காயலான் கடைக்காரனை வரச் சொல்லி எடைக்குப் போடுகிறேன் என்றார். கண்ணால் பார்க்காமல், நாலு பேரைக் கேட்காமல், போட்டோவைப் பார்த்து யாராவது இப்படி ஒன்றை வாங்குவார்களா, புத்தி எங்கே போயிற்று என்று வாசலிலேயே சத்தம் போட்டார்.

அத்தை துடைப்பதை நிறுத்தினாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"என்ன கட்டிக் குடுத்து அனுப்பசொல்லோ நீ மட்டும் நேர்ல போயி பாத்தியாண்ணா? தரகர் சொன்னாரு, போட்டோ நல்லா கீதுன்னு அனுப்பிட்ட. நானும் அப்டிதான் வாங்கிக்கீறேன். வுடு, என்து இது."

மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. தெரிந்த தரகர்தானே, அவர் சொன்னால் போதும் என்று அப்பா விட்டுவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று தெரிந்தது, அப்பா வாயை மூடிக்கொண்டார் என்பது மட்டும்தான். அம்மா அடுப்பில் எதையோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே ஓடினாள். வகுப்பில் பதில் சொல்லிக் கைதட்டு வாங்கிய பிள்ளையைப் போல அத்தை ஜெயித்துவிட்டாள் என்று எண்ணி நான் குதித்தேன். யாரும் என்னோடு குதிக்கவில்லை.

கார் நின்றது. அதன் மேல் தார்பாய் போட்டோம். அதற்குப் பிறகு அத்தை வீட்டுக்குள் இருந்த நேரம் குறைவு. காலை ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கை கால் கழுவக்கூட நிற்காமல் கத்தியும் உப்புத்தாளுமாகக் காரிடம் போய்விடுவாள். பட்டியைச் சுரண்டினால் கீழே நல்ல தகடு வரும் என்பது அவள் கணக்கு. பட்டிக்குக் கீழே துரு வந்தது. துருவுக்குக் கீழே தெரு தெரிந்தது. சுரண்டச் சுரண்டக் கார் குறைந்துகொண்டே போனது. அவள் விடவில்லை.

வாலாஜாபாத் ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் ஒருவர், தென்காசிக்காரர், எங்களுக்கு அண்ணன் முறையாகிவிட்டார். கடைக்கு லீவு விடுகிற நாளில் வந்து பார்ப்பார். முதல் நாளே காருக்கு அடியில் படுத்து எழுந்து, தலையில் விழுந்த துருவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "யக்கா, நான் இத ஓட வச்சிருவேன். ஆனா அடி பூரா இத்துப் போயிக் கெடக்கு. கெளம்புனா வண்டி மட்டும் போவும், நீங்க ரோட்லயே நிப்பிய."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அத்தையும் சிரித்தாள். பிறகு அவள் ஒயர்களைத் திறந்து பார்த்தாள். கம்பெனியில் அவள் பின்னுகிற கட்டு கைத்தண்டை பருமன் இருக்கும். இந்தக் காரில் மொத்தமே ஒரு பிடி ஒயர்தான். தொட்டால் மேல்தோல் உப்பாக உதிர்ந்தது. அவளுக்குத் தெரிந்த எதுவும் இதில் செல்லவில்லை. ஒன்றை எங்கோ கொடுத்து, இன்னொன்றில் புகை வரவைத்து, கடைசியில் மெக்கானிக் அண்ணன் இரவல் கொடுத்த பேட்டரியில் ஹார்ன் மட்டும் பேசியது. குரல் கம்மிய ஆடு மாதிரி ஒரு சத்தம். அன்று முழுவதும் நானும் அவளும் மாறி மாறி அடித்தோம். கம்பெனிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

ஊரில் பேச்சு வந்தது. ஓய்வுக்கு வந்தவள் ஓட்டைக் காரோடு மல்லுக்கட்டுகிறாள் என்றார்கள். அப்பா தார்பாயைப் பார்க்காமல் வீட்டுக்குள் வரவும் போகவும் பழகிக்கொண்டார். ஆனால் வாலாஜாபாத்துக்கு அவர் போன் பேசுவது அதிகமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்னதாகச் சொல்லிக்கொண்டு, அத்தையின் வீட்டுக்காரரும் அவருடைய பெரியப்பாவும் வந்தார்கள். பேசித் தீர்த்து அழைத்துப் போக வந்திருக்கிறார்கள் என்று அம்மா என்னிடம் சொல்லி, வெளியே போய் விளையாடச் சொன்னாள். நான் காரின் பின் சீட்டில் ஏறி வீட்டுப்பாடம் எழுதினேன். அப்போதெல்லாம் எனக்கு அதுதான் அறை.

மாமா எனக்கு ஒரு பாக்கெட் மைசூர்பாகு வாங்கி வந்திருந்தார். மெல்லப் பேசுவார், வெள்ளையாக உடுத்துவார். எனக்கு அவரைப் பிடிக்கும். பெரியப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். காதில் விழுந்த வரையில் பேச்சு நல்லபடியாகத்தான் போனது. குடும்பம் என்றால் நாலும் இருக்கும் என்றார் பெரியப்பா. அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாமா எழுந்து வந்து காரைப் பார்த்தார். இடது பக்கத்தில் நின்று கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதையும் ஏத்திக்கினு போயிடலாம் மச்சான். நம்ம வூட்லயே நிக்கட்டும். கம்பெனி கிம்பெனின்னு வெளிய போவ வேணாம். உள்ளயே ஒக்காந்து இதப் பாத்துகினு இருக்கட்டும்."

அப்பாவின் முகம் எத்தனையோ மாதத்துக்கப்புறம் தளர்ந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. யாருக்கும் பிடிக்காத காரை அத்தையோடு சேர்த்து ஏற்றிக்கொள்கிறேன் என்கிற மாமாவை விட நல்ல மாமா உண்டா?

அத்தையைக் கூப்பிட்டார்கள். அவள் சமையலறையிலிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து இடது முன் கதவைத் திறந்து ஏறி, சீட்டில் நகர்ந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். கதவைச் சாத்திப் பூட்டின் குமிழை அமுக்கினாள். கையை நீட்டிப் பின் கதவின் குமிழையும் அமுக்கப் போனவள் என்னைப் பார்த்தாள்.

"நீ எறங்கறியா?" என்றாள்.

மாட்டேன் என்றேன். அமுக்கினாள். கண்ணாடிகளைச் சுற்றி ஏற்றினாள். என் முக்கோணத்தையும் சாத்தினாள். பிறகு, எங்கே போகலாம் என்று கேட்டாள்.

வண்டலூர் என்றேன், மிருகக்காட்சிசாலை. சரி என்று ஸ்டியரிங்கைத் திருப்பினாள். விளையாட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வழி எனக்குத் தெரியும். ஒரகடம் வந்துவிட்டது என்றேன். பாலத்துக்கு அடியில் லாரி நிற்கிறது, பார்த்துப் போ என்றேன். அவள் பார்த்துப் போனாள்.

மாமா கண்ணாடிக்கு வெளியே குனிந்து எதையோ சொன்னார். மோதிர விரலால் தட்டினார். சிரித்த முகமாகத்தான் இருந்தார். அவர் வாயைத் திறந்ததும் அத்தை ஹார்னை அமுக்கினாள். அவர் நிறுத்தியதும் கையை எடுத்தாள். மறுபடி அவர் தொடங்கினார். மறுபடி ஆடு கத்தியது. எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. பெரியப்பா எழுந்து வந்தார், அப்பா வந்தார், அம்மா வாசற்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எல்லோரும் இடது பக்கத்தில்தான் நின்றார்கள். வலது கதவின் கயிற்றை அவிழ்த்தால் ஒரு நொடியில் உள்ளே வந்திருக்கலாம். அந்தப் பக்கம் போக யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே சூடு ஏறியது. அத்தையின் கழுத்திலிருந்து வியர்வை ஓடியது. படப்பை தாண்டியாயிற்று என்று நான் சொன்னபோது அவளுடைய கைகள் ஸ்டியரிங்கில் நடுங்கிக்கொண்டிருந்தன. என்ஜின் ஓடினால் அப்படித்தான் நடுங்கும் என்று அவள் நடிக்கிறாள் என எண்ணினேன்.

மாமாவின் முகம் அப்போது மாறியது. கை விரித்துக் கூரையில் ஓங்கி அறைந்தார். துருத் தூள் என் நோட்டின் மேல் கொட்டியது. ஹார்ன் அடங்கியிருந்த நேரம் அது. அவர் சொன்னது கண்ணாடிக்குள்ளும் கேட்டது.

"உள்ள பூட்டிக்கினா? பூட்டறது எனக்குத் தெரியாதா? தெனிக்கும் வெளிய பூட்டு போட்டு சாவிய எத்துகினு போனவன்டீ நானு."

பெரியப்பா அவர் தோளைப் பிடித்தார். பூட்டிக்கொண்டு போனது பாதுகாப்புக்குத்தான், தனியாக இருக்கிற பெண்தானே என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். அத்தை இதை ஏன் எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்று வெகுகாலம் கழித்து அம்மாவிடம் கேட்டேன். அடித்தான், குடித்தான் என்றால் காயத்தைக் காட்டலாம், இதற்கு எதைக் காட்டுவாள் என்றாள் அம்மா. திருட்டுப் பயம், நல்லதுக்குத்தான் என்று நாங்களே சொல்லியிருப்போம் என்றாள்.

அப்பா காருக்கும் மாமாவுக்கும் நடுவே வந்து நின்றார்.

"வண்டி மேலந்து கைய எடு," என்றார்.

மாமா ஏதோ சொல்ல வந்தார். அப்பா கையை எடு என்று இன்னொரு முறை சொன்னார். கம்பெனி கேட்டில் வழிமறிக்கிற லாரிக்காரர்களிடம் அவர் பேசுகிற குரல் அது. வீட்டில் நான் கேட்டதில்லை. பெரியப்பா நியாயம் பேசினார், ஊரைக் கூட்டுவேன் என்றார். அப்பா எல்லாவற்றுக்கும் சரி, கெளம்புங்க என்றே பதில் சொன்னார். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அப்பா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அத்தை உடனே இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள். அப்பா ஜன்னலுக்கு அருகே வந்தார். கூரையில் மாமா அறைந்த இடத்தைத் தடவினார். மிருகக்காட்சிசாலை வர இன்னும் கொஞ்ச தூரம்தான் இருக்கிறது என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். மைசூர்பாகை யாரும் தின்னக் கூடாது என்று அம்மா தூக்கிப் போட்டதில் எனக்கு இன்னும் வருத்தம்.

அதற்குப் பிறகு வாலாஜாபாத் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பிறகு கோர்ட், கையெழுத்து எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது காரைப் பற்றி. அந்தச் சண்டைக்கு அப்புறம் அப்பாவும் உப்புத்தாள் எடுத்துக்கொண்டு வந்தார். ஷிப்ட் முடிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு வலது பக்கத்தில் உட்கார்ந்து தேய்ப்பார். காயலான் கடை என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. நல்ல கதவு எங்காவது கிடைக்குமா என்று மெக்கானிக் அண்ணனிடம் விசாரித்தார். வினோதம் என்னவென்றால், அவர் காரிடம் வர வர அத்தை விலகிப் போனாள். ஒரு நாள் இரண்டு நாள் காரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஸ்ரீபெரும்புதூரில் டிரைவிங் பழகச் சேர்ந்திருந்தாள். லைனில் கூட வேலை செய்கிற பெண்களோடு ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கப் போவதாகச் சொன்னாள். அம்மா அழுதாள். அப்பா, போகட்டும் என்றார்.

மழைக்காலத்தில் காரின் தரை முழுதாக விழுந்தது. அத்தைதான் காயலான் கடைக்காரரை வரச் சொன்னாள்.

இப்போது அவளிடம் ஓடுகிற கார் இருக்கிறது. ஷிப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்குகிறாள். அதை வாங்கும்போது நானும் கூடப் போயிருந்தேன். விற்கிறவர் காபி கொடுத்து உபசரிப்பதற்குள் அவள் காருக்கு அடியில் படுத்துவிட்டாள்.

நீலக் காரை எடுத்துப் போன அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கேஸ் கட்டரோடு இரண்டு பேர் வந்தார்கள். அப்பா அவர்கள் பின்னாலேயே நின்று, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டிருந்தார். உடைக்க வந்தவர்களுக்கு அது விளங்கவில்லை. முக்கோணக் கண்ணாடி விழுந்து நொறுங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே ஓடினேன். அத்தை கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டாம் ஷிப்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். காரை அறுக்கிறார்கள், உனக்கு அழுகை வரவில்லையா என்று கேட்டேன். எதற்கு அழ வேண்டும், வண்டிதானே என்றாள். என் முகத்தைத் துடைத்துவிட்டு, பையை எடுத்து மாட்டிக்கொண்டு, அறுபடுகிற காரைத் தாண்டி பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அப்பாதான் பாவமாக இருந்தார். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வண்டி போன பிறகும் வாசலிலேயே நின்றார். தார்பாயை மடித்தார், பிரித்துத் திரும்பவும் மடித்தார். அத்தையைவிட அவருக்குத்தான் அந்தக் காரின் மேல் ஆசை இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வாட்டி நேர்ல போயி பாத்துட்டு வந்திருக்கணும்," என்றார்.

"அத்தைக்கு லீவு கெடைக்கலப்பா," என்றேன்.

"எனக்கு லீவு இருந்துச்சு, பாப்பா."

எனக்குச் சுருக்கென்றது. நானும் அத்தையும் ரகசியமாக வைத்துக்கொண்டதால் வந்த வினை. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்பா லீவு போட்டுக் கரூருக்குப் போய், வலது பக்கத்தையும் பார்த்துவிட்டு வந்திருப்பார். அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது.

"அடுத்த வாட்டி உன்கிட்ட மொதல்லயே சொல்லிடறோம்பா," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார்.